கையெழுத்து கேட்கப் போன கரை

இராமேஸ்வரம் போகும் ரயிலில் இராமநாதபுரத்தில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் யாத்திரிகர்களுக்குப் பரிதாபமாக இருக்கிறது. என் பெட்டியில் இருந்தவர்கள் பெரும்பாலும் வடக்கேயிருந்து வந்தவர்கள். நான் பையை இறக்கியதும் எதிரே உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் பதறிப்போய் ஏதோ சொன்னார். அவருடைய மருமகன் எனக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். "இன்னும் கடலே வரவில்லை, தப்பான இடத்தில் இறங்குகிறீர்கள் என்கிறார்."

எனக்குக் கோயில் வேலை இல்லை, தண்ணீர் வேலையாக வந்திருக்கிறேன் என்றேன். அது எப்படி மொழிபெயர்ந்து போனதோ, அம்மாள் மகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தக் கிணறுகள் இருக்கின்றன, ஒன்றைக்கூட விட்டுவிடாதே, ஒவ்வொன்றிலும் ஒரு வாளி ஊற்றிக்கொள் என்று புத்தி சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கினேன்.

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். அங்கே ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். சும்மா இருக்கப் பிடிக்காமல், ஒரு சிறிய நிதியத்துக்கு மொழிபெயர்ப்பு செய்துகொடுக்கிறேன். ஆலைக் கழிவாலும் பண்ணைக் கழிவாலும் அவதிப்படுகிற ஊர்க்காரர்கள் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கவும், வக்கீல் வைக்கவும், கூட்டம் கூடிப் பேசவும் உதவுகிற நிதியம் அது. பல நாடுகளிலிருந்து விண்ணப்பம் வரும். தமிழில் வருவதை நான் ஆங்கிலமாக்குவேன். நிதியம் எழுதுகிற பதிலைத் தமிழாக்கி அனுப்புவேன். ஜெசிந்தாவின் விண்ணப்பம் அப்படித்தான் என் கைக்கு வந்தது.

கோடு போட்ட நோட்டுத் தாளில் இருபக்கமும் எழுதியிருந்தாள். கடலில் இறங்கிப் பாசி எடுத்து விற்கிற பெண்களும், சற்று உள்ளே மிளகாய் போடுகிற பெண்களுமாகப் பதினெட்டுப் பேர் சேர்ந்த குழு. ஊருக்கு அருகே இறால் பண்ணை வந்தபின் மணல் ஊற்று உப்பாகிவிட்டது, பண்ணைக் கழிவு விழுகிற இடத்தில் பாசி அழுகிவிட்டது, மிளகாய்க் காட்டில் உப்புப் பூத்துவிட்டது என்று எழுதியிருந்தாள். எங்கும் அழுகை இல்லை. எந்த ஊற்று எந்த மாதத்தில் கெட்டது என்று வரிசையாகச் சொல்லியிருந்தாள். என் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுத இப்படித்தான் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஓராண்டுக்கு மேல் இழுத்தடித்து நிதியம் ஒப்புதல் தந்தது. ஒரே ஒரு நிபந்தனை. நிதியத்தின் சார்பில் ஒருவர் நேரில் போய், குழுவில் குறைந்தது பன்னிரண்டு பேரிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். போக வேண்டிய அதிகாரிக்கு உடம்பு முடியவில்லை. தமிழ் தெரிந்தவள் என்று என்னை அனுப்பினார்கள். ஒரு ஊருக்கு நல்ல சேதி கொண்டுபோவது எனக்கு அதுவே முதல் தடவை. பையில் பேனாகூட நாலைந்து புதிதாக வாங்கி வைத்திருந்தேன்.

அந்த ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெரியபட்டினத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் இருக்கிறது என்பது போதும். பெயர்கள் வெளியே போனதில்தான் அங்கே எல்லாம் கெட்டது. நான் சொல்லும் ஆட்களின் பெயர்களும் அவர்களுடைய சொந்தப் பெயர்கள் அல்ல.

இராமநாதபுரத்தில் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டேன். நகரை மீன் குழம்பு. எங்கள் ஊரில் மீன் குழம்புக்குத் தேங்காய்ப் பால் ஊற்றாவிட்டால் ஏதோ குறை வைத்ததுபோல் இருக்கும். இங்கே புளியும் மிளகாயும்தான், கண்ணில் தண்ணீர் வந்தது. பரிமாறியவர் எந்த ஊர் என்று கேட்டார். பினாங்கு என்றேன். அது இல்லம்மா, சொந்த ஊர் எது என்றார். அதுவும் பினாங்குதான் என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. கிளம்பும்போது கல்லாவில் இருந்தவரிடம், சொந்த ஊர் தெரியாமலே ஒரு அம்மா வந்திருக்காக என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

ஏறிய பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி அடியில் எட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். எல்லாரும் சண்டை போடாமல் இறங்கி, கருவேலமர நிழலில் உட்கார்ந்தார்கள். ஒரு பெண் கூடையிலிருந்த நுங்கில் எனக்கும் ஒன்று சீவித் தந்தாள். பினாங்கில் பேருந்து நின்றால் ஐந்தாவது நிமிடம் ஆளாளுக்குத் தொலைபேசியை எடுத்துவிடுவோம். இங்கே வெயிலோடு யாருக்கும் வழக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

சிக்கந்தரின் ஆட்டோ அப்படித்தான் கிடைத்தது. நாற்பது வயதிருக்கும், பெரியபட்டினத்துக்காரர். ஊர்ப் பெயரைச் சொன்னதும், யார் வீட்டுக்கு என்று கேட்டார். ஜெசிந்தா வீட்டுக்கு என்றேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

ஜெசிந்தா சாலையோரத்தில் காத்திருந்தாள். ஐம்பதை நெருங்கிய வயது. ஒல்லி. பாறையில் பாசி பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் வெட்டுக்காயம். போனில் கேட்ட குரலை வைத்துக் கூச்சக்காரி என்று நினைத்திருந்தேன். நேரில் பார்த்தபோது அது கூச்சம் இல்லை என்று தெரிந்தது. பேசுவதற்கு முன்னால் யாராவது பார்க்கிறார்களா என்று இருபக்கமும் பார்த்துக்கொண்டாள்.

புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். ஒரே மகளைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை வீடு. எனக்காகப் புதுப்பாய் விரித்திருந்தாள். டீயை நீட்டும்போது, "கொஞ்சம் கரிக்கும் டீச்சர். அதுக்குத்தான் சீனிய அள்ளிப் போட்டுருக்கேன்" என்றாள். இனிப்புக்கு அடியில் உப்பு நாக்கில் நின்றது.

வெளியூரிலிருந்து ஆள் வந்தால் இந்தப் பக்கத்து ஊர்களில் கூட்டம் கூடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை. தெருவில் போன இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்து, பின்னால் நின்ற ஜெசிந்தாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். எல்லாரும் வேலையாக இருப்பார்கள் என்றாள் ஜெசிந்தா. நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் என்னை ஊற்றுக்குக் கூட்டிப்போனாள். பனைகளுக்கு நடுவே மணலில் தோண்டிய குழி, இடுப்பளவு ஆழம். முன்பெல்லாம் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டு போவார்களாம். கடலுக்கு இத்தனை பக்கத்தில் எப்படி நல்ல தண்ணீர் ஊறும் என்று விண்ணப்பத்தை மொழிபெயர்க்கும்போது எனக்கும் சந்தேகம் வந்ததுண்டு. மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே தங்கும் என்று அவள் விளக்கினாள். ஒரு சிரட்டை மொண்டு கொடுத்தாள். வாயில் வைத்துத் துப்பிவிட்டேன்.

பனைகளுக்கு அந்தப் பக்கம் பண்ணை. மேடு கட்டிய குளங்களில் துடுப்புச் சக்கரங்கள் ஓயாமல் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. அங்கிருந்து ஒரு வாய்க்கால் நுரையோடு கடலுக்குப் போகிறது. கடைசி வரிசைக் குளங்கள் புதிதாக இருந்தன, கரைமண் இன்னும் சரியாகக் காயவில்லை. விண்ணப்பத்தில் நான்கு குளம் என்றுதானே எழுதியிருந்தாய் என்றேன். "அப்ப நாலுதான்" என்றாள்.

மறுநாள் குழுவில் இருப்பவர்களைப் பார்க்கலாம் என்றேன். ஜெசிந்தா தயங்கினாள். பிறகு கடலைவிட்டு உள்ளே தள்ளி இருந்த விவசாயக் குடியிருப்புக்குக் கூட்டிப்போனாள். அங்கே முத்துராக்கு என்கிற அக்காவைப் பார்த்தால் மற்றவர்களும் வருவார்கள் என்றாள். ஆனால் தெருமுனை வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள். நீங்கள் போய்ப் பேசிவிட்டு வாருங்கள், நான் இங்கனயே நிற்கிறேன் என்றாள்.

முத்துராக்கு ஜெசிந்தாவைவிட நாலைந்து வயது மூத்தவர். வாசலில் வரமிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தார். உருண்டையான குண்டு மிளகாய். அது கடையில் வாங்கியது என்று பிறகு தெரிந்தது. மலேசியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் நாற்காலி எடுத்துப் போட்டார். மோர் கொடுத்தார். என்ன விஷயமாக என்று கேட்டார். பையிலிருந்து ஒப்பந்தத் தாளை எடுத்து, உங்கள் குழுவுக்கு உதவி கிடைத்துவிட்டது, கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "கையெழுத்தா? பேனாவ உள்ள வைங்கம்மா" என்றார்.

பிறகு மிளகாயைக் கிளறிக்கொண்டே சொன்னார். போன வருடம் பண்ணையைப் பெரிதாக்கப்போவதாகவும், அதற்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கப்போவதாகவும் அறிவிப்பு வந்தது. கூட்டம் ஊரில் இல்லை, தொலைவில் ஒரு கல்யாண மண்டபத்தில். யாருக்கும் போக மனமில்லை. ஜெசிந்தாதான் வீடு வீடாக வந்தாள். போகாவிட்டால் நமக்கு மறுப்பில்லை என்று எழுதிக்கொள்வார்கள் என்றாள். வாசலில் வைத்திருக்கிற பதிவேட்டில் ஒருவர் விடாமல் கையெழுத்துப் போட வேண்டும், அப்போதுதான் நாம் வந்தது கணக்கில் வரும் என்றாள். முத்துராக்குவுக்குக் கைநாட்டுதான். கைநாட்டு வைத்தால் மதிக்கமாட்டார்கள் என்று பத்து நாள் பக்கத்தில் உட்கார்ந்து பெயரை எழுதச் சொல்லிக்கொடுத்தாள்.

பதினெட்டுப் பேரும் போனார்கள், பதினெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜெசிந்தா மைக்கில் பேசினாள், மண்டபமே கேட்டது. ஆறு மாதம் கழித்து மண் வெட்டும் இயந்திரம் வந்தது. எதிர்த்துக் கேட்கப் போனவர்களிடம் ஒரு தாளைக் காட்டினார்கள். கூட்டத்துக்கு வந்த மக்கள் திட்டத்தை வரவேற்றுக் கையொப்பம் இட்டிருக்கிறார்கள் என்று அதில் இருந்தது. கீழே அவர்கள் பதினெட்டுப் பேரின் பெயர்கள்.

"என் புருஷன் அந்தத் தாளப் பாத்தாரு. நீயே எழுதிக் குடுத்துட்டு இப்ப என்னத்துக்கு அழுகுறன்னாரு" என்றார் முத்துராக்கு. "மிச்சமிருந்த காடும் உப்பாப் போச்சு. அவரு திருப்பூருக்குப் போயிட்டாரு. அம்பது வருசமா எழுத்துத் தெரியாமத்தான் இருந்தேன், எனக்கு ஒரு கெடுதலும் வரல. பேர எழுதப் படிச்சேன், காடு போச்சு."

மோர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். ஜெசிந்தா உங்களை ஏமாற்றவில்லையே என்று மெதுவாகச் சொன்னேன். முத்துராக்கு கோபப்படவில்லை. "ஏமாத்துனான்னு யாரு சொன்னா? பண்ணைக்காரன்கிட்ட காசு வாங்கிக்கிட்டான்னு ஊருல பேசுறாக, நான் பேசல. ஆனா அவ மூஞ்சியப் பாத்தா எனக்குக் காடு ஞாபகம் வருது" என்றார்.

வேப்பமரத்தடியில் ஜெசிந்தா அதே இடத்தில் நின்றிருந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. 

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அவளோடு நானும் மாதா கோயிலுக்குப் போனேன். எனக்குப் பழக்கமில்லாத வழிபாடு. அவள் எழுந்தால் எழுந்தேன், முழந்தாளிட்டால் முழந்தாளிட்டேன். கடைசி வரிசையில் எங்களைத் தவிர யாருமில்லை. ஒரு கட்டத்தில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும்படி பாதிரியார் சொன்னார். எல்லாரும் முன்னும் பின்னும் திரும்பிக் கைகூப்பினார்கள். எங்களுக்கு முன்வரிசைப் பெண்கள் திரும்பி என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஜெசிந்தா கூப்பிய கையோடு காத்திருந்தாள். அவர்கள் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவள் என் பக்கம் திரும்பி, "சமாதானம் டீச்சர்" என்றாள்.  அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மதியம் சிக்கந்தர் வந்து, வீட்டில் உங்களைச் சாப்பிடக் கூட்டிவரச் சொன்னார்கள் என்றார். பெரியபட்டினத்தில் அவர் மனைவி நெய்ச்சோறும் கறியும் சமைத்திருந்தார். சாப்பிட்டபின் கரும்பழுப்பு நிறத்தில் ஒரு துண்டு இனிப்பைத் தட்டில் வைத்தார். தொதல் என்றார். வாயில் போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் பெருநாளுக்கு மலாய்க்காரர்கள் நாள் முழுக்கக் கிண்டுகிற டோடோல்தான் அது. அதே தேங்காய்ப் பால், அதே பிசுபிசுப்பு. எந்தக் காலத்தில் எந்தக் கப்பலில் எந்தப் பக்கம் போனதோ. அவருக்கும் சொன்னேன். "அப்ப நீங்க எங்க ஊருதான்" என்று சிரித்தார். அந்தப் பயணத்தில் நானும் சிரித்தது அங்கேதான்.

திரும்பும் வழியில் சிக்கந்தர் வண்டியை ஓரம் கட்டினார். கூட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போனது தானும் தன் கூட்டாளியும்தான் என்றார். மண்டபத்தில் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாராம். "அந்தக்கா பேசுனப்ப ஒருத்தரும் இருமக்கூட இல்லம்மா. அல்லாஹ் அறிய, பண்ணைக்கு ஆதரவா அது ஒரு வார்த்த சொல்லல. நான் ஊருல போய்ச் சொல்லத்தான் செஞ்சேன். ஆட்டோக்காரன் சொல்லுக்கும் அச்சடிச்ச தாளுக்கும் எத நம்புவாக?" என்றார்.

வீடு திரும்பியதும் ஜெசிந்தாவிடம் அந்தத் தாளைக் கேட்டேன். பிளாஸ்டிக் உறையில் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தாள். தகவல் கேட்டு மனுப்போட்டு அவளே வாங்கிய நடவடிக்கைக் குறிப்பின் நகல். அவள் பேசியதெல்லாம் ஒரே வரியில் முடிந்திருந்தது. "ஒரு பெண்மணி குடிநீர் வசதி செய்துதருமாறு கோரினார்." அதற்காகப் பண்ணை ஒரு கறுப்புத் தொட்டியைத் தெருமுனையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. எப்போதாவது லாரி வந்து நிரப்பும். பின்னிணைப்பில் கையெழுத்துகள். முதலில் ஜெசிந்தா. கடைசியில், ஒவ்வொரு எழுத்தும் ஒரு திசையில் சாய்ந்து, முத்துராக்கு.

நகலைத் திருப்பி உறைக்குள் வைக்கும்போது அதற்குள் இன்னொரு கடிதம் இருந்ததைப் பார்த்தேன். நான்காக மடித்து, மடிப்பில் கிழிந்து, பசைத்தாள் ஒட்டியிருந்தது. நிதியத்தின் கடிதம். அந்தக் கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான் தமிழாக்கி அனுப்பியது.

விண்ணப்பத்தைப் படித்துவிட்டு நிதியம் கேட்ட கேள்விகள் அதில் இருந்தன. நான்காவது கேள்வி: உங்கள் குழுவினர் பொதுக் கருத்துக்கேட்புகளில் பங்கேற்றதற்குக் கையெழுத்துடன் கூடிய ஆதாரம் உண்டா? அதன் கீழே ஒரு வரி. "ஒருவர் விடாமல் எல்லாரும் கையெழுத்திட்டிருந்தால் மிகவும் நல்லது."

ஆங்கிலக் கடிதத்தில் அந்த வரி கிடையாது. அது நான் சேர்த்தது. விண்ணப்பம் எனக்குப் பிடித்திருந்தது, எப்படியாவது தேற வேண்டும் என்று நினைத்தேன். பரீட்சைக்குப் போகிற பிள்ளையிடம் எந்தக் கேள்வியையும் விட்டுவிடாதே என்று சொல்வதுபோல எழுதினேன். எழுதி மறந்தும் போனேன். 'ஒருவர் விடாமல்.' முத்துராக்கு நேற்று சொன்னதும் அதே வார்த்தைதான். ஜெசிந்தா என் வரியை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறாள்.

இது எங்கள் கடிதத்தால் வந்தது என்று ஏன் நீ யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவள் உறையை மூடிக்கொண்டே பதில் சொன்னாள். "சொன்னா, வெளிநாட்டுக் காசுக்காகத்தான் எங்கள இழுத்துக்கிட்டுப் போனியான்னு கேப்பாக டீச்சர். அது இன்னும் கேவலம். அதோட, உதவி வந்துச்சுன்னா எல்லாம் சரியாப் போகும்னு இருந்தேன். கடைசியில அதுக்கும் கையெழுத்து வேணும்னு போனுல சொன்னீக."

நல்ல சேதி என்று நான் உற்சாகமாகப் பேசிய அந்தப் போன்தான். மறுமுனையில் அவள் அதை எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். வாங்க டீச்சர், வந்து பாருங்க என்று மட்டும்தான் சொன்னாள்.

நான்காம் நாள் சிக்கந்தரை அனுப்பி எல்லாரையும் வரச்சொன்னேன். கையெழுத்து கேட்கமாட்டேன், ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லியனுப்பினேன். கரையில் வலை வைக்கிற கொட்டகையில் ஏழு பேர் வந்தார்கள். முத்துராக்கு வந்தார், கூடவே படித்த மருமகளையும் அழைத்து வந்திருந்தார். ஜெசிந்தா மூலையில் நின்றாள்.

இருபத்தெட்டு வருடம் வகுப்பில் பேசியவள், அந்த ஏழு பேர் முன்னால் தாளைப் பார்த்துத்தான் பேச முடிந்தது. கடிதத்தைப் படித்துக்காட்டினேன். எது நிதியம் எழுதியது, எது நான் சேர்த்தது என்று சொன்னேன். ஜெசிந்தா செய்தது எல்லாம் அந்த வரியை நம்பித்தான் என்றேன். தண்ணீர் கெட்டது உங்களுக்கு, அதற்கு அத்தாட்சி கேட்டு அலையவிட்டது நாங்கள் என்றேன். ஒருத்தி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். 

முத்துராக்கு கேட்டார். "இம்புட்டும் வாயால சொல்றீக. நாளைக்கு நீங்க விமானம் ஏறிருவீக. அப்பறம் ஊருல யாரு நம்புவா? எழுதிக் குடுங்க."

என்ன எழுத வேண்டும் என்றேன்.

"ஜெசிந்தா மேல தப்பில்லைன்னு எழுதுங்க. நீங்க சொல்லித்தான் அவ சொன்னான்னு எழுதுங்க. கீழ உங்க பேரு, ஊரு, வெலாசம் எல்லாம் போட்டுக் கையெழுத்துப் போடுங்க. நாங்க போட்டோம்ல."

மூலையிலிருந்து ஜெசிந்தா, வேண்டாம் அக்கா, டீச்சருக்கு வேலை போய்விடும் என்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் முத்துராக்குவிடம் பேசிய முதல் வார்த்தை அது என்று சிக்கந்தர் பிறகு சொன்னார்.

பையிலிருந்த புதுப்பேனா ஒன்றை எடுத்தேன். நடந்ததை அப்படியே எழுதினேன், ஒரு பக்கம் வந்தது. கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. இந்தத் தாள் இனி யார் கைக்குப் போகும், எதற்கு மேலே எதற்குக் கீழே ஒட்டப்படும், என் பெயர் என்ன சொன்னதாக நாளைக்கு ஆகும் என்று பயம் வந்தது. உண்மையைத்தான் எழுதியிருந்தேன், இருந்தும் பயந்தேன். அந்த மண்டப வாசலில் இவர்களுக்கு அந்தப் பயம்கூட வந்திருக்காது. அவ்வளவு நம்பிப் போட்டிருக்கிறார்கள். ஏழு பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டேன்.

மருமகள் அதை உரக்கப் படித்தாள். முத்துராக்கு வாங்கி, மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட யாரும் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அந்தப் பயணத்தில் வாங்கப்பட்ட ஒரே கையெழுத்து என்னுடையதுதான்.

ஐந்தாம் நாள் காலையில் கிளம்பினேன். ஜெசிந்தா வாளை மீனைப் பொரித்துக் கட்டித் தந்தாள். கோயில் முன்வரிசைப் பெண்களில் ஒருத்தி வாசலில் நின்று ஜெசிந்தாவிடம் நெருப்புப்பெட்டி கேட்டு வாங்கிப் போனாள்.  அதற்குப் பிறகு என் பையைக் கட்ட ஜெசிந்தாவுக்கு நெடுநேரம் ஆனது. மற்றபடி தெருவில் யாரும் மாறவில்லை. பண்ணையின் சக்கரங்கள் சாலைவரை கேட்டன.

பினாங்கு வந்ததும் நிதியத்துக்குப் பதினொரு பக்கம் எழுதினேன். நான் சேர்த்த வரியைப் பற்றியும் எழுதினேன். இந்த ஊரில் கையெழுத்து கேட்காமல் உதவ வழியுண்டா, அவர்கள் வாயால் சொல்வதைப் பதிவுசெய்து ஏற்க முடியுமா என்று கேட்டேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள், மரியாதையான கடிதம்தான். தேவையான கையெழுத்துகள் இல்லாததால் இந்தச் சுற்றில் கோப்பு மூடப்படுகிறது, அடுத்த சுற்றில் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. வழக்கம்போலத் தமிழாக்கி அனுப்பும்படி அடிக்குறிப்பு.

இரண்டு நாள் அதைத் தொடவில்லை. பிறகு எழுத வேண்டாம் என்று முடிவு செய்து ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன். அங்கே காலை வேளை, கரையில் நின்றாள் போலும், காற்று இரைந்தது. இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். வேறு வார்த்தை எதுவும் சேர்க்கவில்லை.

 "சரி டீச்சர். முத்துராக்கு அக்கா இங்கனதான் நிக்கிறாக. அவுககிட்ட நீங்களே சொல்லிருங்க" என்று போனைக் கை மாற்றினாள்.

முத்துராக்குவிடமும் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டதுபோல் தெரியவில்லை. நீங்கள் எங்கே கரையில் என்று கேட்டேன்.

"பாசிக்கு வாரேன்ல" என்றார். "காடுதான் இல்லயே, வீட்ல உக்காந்து என்ன செய்ய? பத்து நாளா ஜெசிந்தாதான் கூட்டிட்டுப் போறா. நீச்சத் தெரியாது, கழுத்து வரைக்கும்தான் எறங்குவேன். பாறை கிழிக்காமக் கைக்குத் துணி சுத்த அவ வேணும், எனக்கு ஒழுங்காச் சுத்த வரல."

பண்ணை வாய்க்கால் விழுகிற பக்கம் போகிறீர்களா என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லம்மா. தள்ளித்தான் போகணும். ரொம்பத் தூரம்" என்றார். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். தண்ணீர் ஏறுவதற்குள் போக வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.